முகத்தின் குறுக்கே ஒரு விளம்பரம்

கும்மிடிப்பூண்டி ஆலையில் பணிபுரிந்த என் தம்பி கொலையுண்டு பல்லாண்டுகள் ஆகின்றன. கொலையாளி இன்றுவரை அகப்படவில்லை. காவல் நிலையத்தில் கொடுத்த படங்களும் தொலைந்துபோயின. படையலுக்கு வைக்கும் ஒரே படம் எங்களிடம் எஞ்சியிருந்தது. துப்புத் துலங்காத கொலைகளைப் பற்றி யூடியூபில் பேசும் ஒருவர் அதைக் கேட்டார். வழக்கு உயிர்பெறும் என்று நம்பி, கண்ணாடிச் சட்டத்தோடு கழற்றிக் கொடுத்தேன்.

திருப்பிக் கேட்டபோது, "எங்கியோ மிஸ்ஸாயிடுச்சு பெருசு. அதான் வீடியோவுல கீதே, பாத்துக்கோ" என்றார்.

பார்த்தேன். தம்பியின் முகத்தின் குறுக்கே பிரியாணிக் கடை விளம்பரம் ஓடியது.

"அதுலருந்தே ஒரு பிரிண்ட் போட்டு மாட்டிக்கலாங்க" என்றாள் மனைவி. எச்சிலைப் படையலில் வைப்பதில்லை என்று மறுத்துவிட்டேன்.

வழக்கைப் பற்றிக் கேட்டு வருவோரை இப்போது வாசலோடு அனுப்பிவிடுகிறேன். படையலில் தம்பியின் ஆலைச் சட்டையை மடித்து வைக்கிறோம்.