ஒரு நிமிடம் முந்திய அண்ணன்

அந்தப் பருவம் முழுவதும் எனக்கும் அண்ணனுக்கும் சண்டை. அவர் இருப்பது ஜேர்மனியில், நான் இருப்பது கனடாவில், அஜின்கோர்ட்டில். காரணம் உதைபந்தாட்டம்.

ஸ்காபுரோ மைதானங்களில் ஓடித் திரிந்த என் மகளை ஜேர்மனியின் முதற்தரப் பெண்கள் லீக்கில் ஒரு கழகம் எடுத்திருந்தது. கோயிலில் காண்பவர்கள் “பிள்ளை அங்க என்ன படிக்கிறாள்?” என்று கேட்பார்கள். விளையாடுகிறாள் என்றால், “அது சரி, படிப்பு?” என்பார்கள். அவர்களையாவது சமாளிக்கலாம். ஆட்டங்கள் அங்கே மத்தியானம் இரண்டு மணிக்கு, எங்களுக்குக் காலை எட்டு மணி. தேநீரும் கையுமாக மடிக்கணினிக்கு முன்னால் உட்கார்ந்தால், இணையத்தில் படம் ஒரு நிமிடம் பிந்தித்தான் வரும். அண்ணன் வீட்டுத் தொலைக்காட்சியில் அந்தத் தாமதம் இல்லை. என் திரையில் மகள் நடுக்கோட்டைக்கூடத் தாண்டியிருக்க மாட்டாள், போன் அடிக்கும்.

“தங்கச்சி, பிள்ளை கோல் அடிச்சிட்டாள். பாத்தனியே?”

“இன்னும் இல்லை அண்ணை. இனி என்னத்துக்குப் பாக்கிறது?”

கெஞ்சினேன், திட்டினேன். அவருடைய போனை ஒளித்து வைக்கும்படி அண்ணியிடம் சொன்னேன். அண்ணியின் போனிலிருந்து எடுத்தார். “உம்மட போனை நிப்பாட்டி வையுமன்” என்று என் கணவர் சொல்வார். நிறுத்தினால் அது இன்னும் மோசம், அண்ணன் எடுத்திருப்பாரோ என்ற யோசனையிலேயே ஆட்டம் முடிந்துவிடும். எந்தச் செய்தியையும் வயிற்றுக்குள் வைத்திருக்க அந்த மனிதருக்குத் தெரியாது. என் கல்யாணம் சரிவந்ததையே எனக்குச் சொல்ல முன்னர் ஊருக்குச் சொன்னவர்.

கடைசி ஆட்டம் வந்தபோது கழகம் கீழ்ப் பிரிவுக்கு இறங்கும் நிலையில் இருந்தது. சமநிலை வந்தால் தப்பலாம். தோற்று இறங்கினால் மகளின் ஒப்பந்தமும் முடிந்துவிடும், மூட்டை முடிச்சோடு திரும்பி வரவேண்டியதுதான். ஒரு கோல் பின்தங்கியிருந்தார்கள். முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது போன் அடித்தது. எரிச்சலோடு எடுத்தேன்.

“பெனால்ட்டி குடுத்திட்டாங்கள். பிள்ளைதான் அடிக்கப் போறாள். பொறு, பொறு.”

என் திரையில் அதற்கான அறிகுறியே இல்லை. போனில் அவருடைய மூச்சு மட்டும் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. ஒருவழியாக நடுவர் விசில் ஊதினார். மகள் பந்தை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

“அண்ணை?”

“இஞ்ச ரிவி நிண்டு போச்சு தங்கச்சி,” என்றார், அடங்கிப்போன குரலில். “எனக்கு ஒண்டும் தெரியேல்ல. நீயே பார்.”

அவருக்குப் பின்னால் வர்ணனையாளர் உரத்துப் பேசிக்கொண்டிருந்தது தெளிவாகக் கேட்டது. ஐம்பது வருடத்தில் அண்ணன் எனக்குச் சொல்லாமல் விட்ட முதற் செய்தி அதுதான்.

“சரி அண்ணை, பாக்கிறன்,” என்றேன். கண் நிறைந்துவிட்டது. என் திரையில் மகள் அப்போதுதான் பந்தைப் புள்ளியில் வைத்தாள்.