மாமன் மகன் என்று தெரிந்த எபிசோடு

அந்தக் கொரிய நாடகத்தைக் குப்பை என்று சொல்கிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. குப்பைதான். ஆனால் அப்படிச் சொல்ல, அதை முழுக்கப் பார்த்த எனக்குத் தகுதி உண்டு. பார்க்காமலே மூக்கைச் சுளிக்கிறவர்களுக்குக் கிடையாது. “படிச்ச புள்ள, எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சண்டைசிங் பாக்கறீங்க, இதையெல்லாமா பாக்கறீங்க?” என்று என் பக்கத்து மேசைக்காரர் கேட்டபோது, “ஆமாங்க, பாக்கறேனுங்க” என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்த்தேன். இன்றைக்குக் கேட்டாலும் அதே பதில்தான்.

முதலில் குறைகளைச் சொல்லிவிடுகிறேன். கதாநாயகன் மேல் லாரி மோதும், நினைவு தப்பிவிடும். நினைவு திரும்புகிற நாள் பார்த்துக் கதாநாயகிக்கு மூக்கில் ரத்தம் வரும். பணக்கார அம்மா ஒருத்தி டம்ளர் தண்ணீரை அவள் முகத்தில் வீசுவாள். அதை மூன்று பக்கமிருந்து மூன்று முறை காட்டுவார்கள், நமக்கெல்லாம் மரமண்டை என்று நினைப்பு. யாராவது ரகசியம் பேசினால் அதைக் கேட்கக் கூடாத ஆள் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பார். அந்த ஊரில் கதவைத் தாழ் போடும் வழக்கமே இல்லை போலிருக்கிறது.

ஆனாலும் அதில் சரக்கு இருந்தது. அழுகையை அவசரப்படுத்த மாட்டார்கள். ஆம்பளையும் ரோட்டோரம் உட்கார்ந்து மூக்கு ஒழுக அழுவான். கதாநாயகி துக்கம் வந்தால் பட்டினி கிடக்க மாட்டாள். பெரிய பாத்திரத்தில் சோற்றைப் போட்டுச் சிவப்பாக எதையோ பிசைந்து அள்ளி அள்ளித் தின்பாள். கோபம் வந்தால் எதிரில் நிற்பது முதலாளியா, மாமியாராக வரப் போகிறவளா என்றெல்லாம் பார்க்க மாட்டாள். நம் சீரியல்களில் நல்ல பெண் என்றால் வாய் திறக்காதவள். இவள் திறந்தாள். எனக்கு அது போதும்.

எங்கள் கம்பெனியில் சாம்பிள் தைத்துக்கொண்டிருந்த மணிப்பூர்ப் பெண்தான் அந்த டிவிடிகளைக் கொடுத்தாள். அவர்கள் ஊரில் இந்திப் படம் ஓடாதாம், கொரியாக்காரர்களைத்தான் வீட்டு ஆட்களைப் போலத் தெரியுமாம். கீழே ஆங்கிலம் ஓடும், அதுவும் அரைகுறை ஆங்கிலம். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு நான் அதைப் படித்துப் படித்துத் தமிழில் சொல்ல, என் அம்மாவும், ஓவர்லாக் மிஷின் ஓட்டும் பக்கத்து வீட்டு அக்காவும் பார்ப்பார்கள். அப்பா உள்ளே தூங்கிவிடுவார். என் கல்யாணப் பேச்சையும் அவர் அம்மாவிடமே விட்டிருந்தார்.

அந்தப் பேச்சு இரண்டு வருடமாக ஓடிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை வெளியே தேட வேண்டியதில்லை. வெள்ளகோவில் பக்கம் இருக்கும் என் மாமன் மகன், அதாவது அம்மாவின் அண்ணன் பையன், எனக்கு முறை. நல்லவன். அதுதான் என் தலைவலி. கெட்டவனாக இருந்தால் காரணம் சொல்லியிருக்கலாம். ஆறாம் வகுப்பிலிருந்து பள்ளிப் படிப்பு முடியும் வரை எங்கள் வீட்டில் தங்கிப் படித்தவன். ஒரே பாயில் உட்கார்ந்து படித்து, ஒரே தட்டில் தின்று, தலைமயிரைப் பிடித்து அடித்துக்கொண்டு வளர்ந்தோம். எனக்கு அவன் அண்ணன். “புடிக்கிலீங்கம்மா” என்று எத்தனையோ முறை சொன்னேன். “முறைப்பையன புடிக்கிலைன்னு யாராச்சும் சொல்லுவாங்களா? கட்டுனா எல்லாஞ் சரியாப் போயிரும் கண்ணு” என்பாள் அம்மா. அவளும் அத்தை மகனைக் கட்டியவள்தான்.

நாடகத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக் காட்சி வந்தது. மகளைப் பார்க்க வந்த கதாநாயகியின் அம்மா, எதிரே வரும் கதாநாயகனின் அப்பாவைப் பார்க்கிறாள். கையிலிருந்த பை கீழே விழுகிறது. சின்ன வயதில் பிரிந்துபோன அண்ணன் அவர். அந்த அம்மா தரையில் சரிந்து உட்கார, இசை கூரையைப் பிய்த்தது.

“அவிய அண்ணனுங்களாமா” என்று நான் சொல்லி முடிக்கவில்லை, பக்கத்து வீட்டு அக்கா கைதட்டினார். “அப்ப அவன் இவளுக்கு மாமன் மகனா? அட சாமி! முறைப்பையனத்தான் தெரியாமலே விரும்பியிருக்கறா பாருங்க்கா!” அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “கொரியாவா இருந்தா என்ன, சீமையா இருந்தா என்ன. ஆண்டவன் சேத்தோணும்னு நெனச்சா சேத்திப்போடுவான்.” சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். அடுத்த காட்சி வருவதற்குள் கரண்ட் போய்விட்டது. அந்த வருடங்களில் திருப்பூரில் கரண்ட் எப்போது போகும் என்று யாரும் கேட்பதில்லை, எப்போது வரும் என்றுதான் கேட்போம். அன்றைக்குச் சாயந்தரம் வரை வரவில்லை.

அடுத்த நாளே அம்மா தன் அண்ணன் வீட்டுக்குப் போன் போட்டாள். கொரியா கொடுத்த தைரியம். ஞாயிற்றுக்கிழமை வந்து பூ வைத்துவிட்டுப் போகச் சொன்னாள். எங்கள் பக்கத்தில் மாமியாராக வருகிறவள் பெண்ணின் தலையில் பூ வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது, அதற்குப் பிறகு மண்டபம் பார்ப்பதுதான் பாக்கி. என்னைக் கேட்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த வாரம் முழுக்கக் கம்பெனியில் எல்லோரிடமும் எரிந்து விழுந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அத்தை, அதாவது மாமன் மனைவி, மதியத்துக்கு முன்பே வந்துவிட்டார். ஒரு பந்து மல்லிகை, பழம், தேங்காய். சாப்பிட்டு முடித்ததும் அம்மா, “ராகுகாலம் வாரதுக்கு இன்னும் நேரமிருக்குது. அதுக்குள்ள அந்த நாடகக் கல்யாணத்தப் பாத்துப்போட்டுப் பூ வெக்கலாம்” என்று சிரித்தபடியே சொன்னாள். பக்கத்து வீட்டு அக்காவும் வந்து உட்கார்ந்தார். நான் டிவிடியைப் போட்டேன்.

கல்யாணம் வரவில்லை. கதாநாயகி ஆற்றங்கரையில் நின்று அழுதாள். கதாநாயகன் கிட்டே வந்தால் பின்வாங்கிப் பின்வாங்கிப் போனாள். அவளுடைய அம்மா மயங்கி விழுந்தாள். அவனுடைய அப்பா சுவரில் தலையை முட்டிக்கொண்டார்.

“ஏன் கண்ணு அழுகறா? சந்தோசத்துலயா?” என்றார் அத்தை.

“இல்லீங்க அத்தை. நீ எங்க மாமன் மகன், என்னால உன்னையக் கட்ட முடியாதுங்கறா.”

“மாமன் மகன்னா கட்டிக்கறதுக்கென்ன?”

“அந்த ஊர்ல மாமன் மகன்னா கூடப் பொறந்த அண்ணனாட்டமாங்க. நெனச்சுக்கூடப் பாக்க மாட்டாங்களாமா.”

“அட கெரகமே! நீயா எதையாச்சும் கதை கட்டறயா?” என்றாள் அம்மா. ஆனால் திரையில் நான்கு பேர் நான்கு மூலையில் அழுதுகொண்டிருந்தார்கள். அதற்கு என் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “பாவம், அந்தப் புள்ளைக்கு அவன் அண்ணனாட்டம் ஆயிட்டா அவதான் என்ன பண்ணுவா” என்றார்.

நான் ரிமோட்டை அழுத்தி நிறுத்தினேன். அத்தை பக்கம் திரும்பினேன். “எனக்கும் அப்பிடித்தானுங்க அத்தை. உங்க பையன் எனக்கு அண்ணன். நீங்க பூ வெக்க வேண்டாமுங்க.”

பக்கத்து வீட்டு அக்கா மெல்ல எழுந்து போய்விட்டார். அத்தைக்கு முகம் சிவந்துவிட்டது. “சினிமாக்காரி அழுதாள்னு நீயும் மாட்டேங்கறயா?”

“அவ அழுதாளுங்க. நான் அழுகலீங்க. வேண்டாம்னு மட்டுந்தான் சொல்றேன்.”

அம்மாவின் கை என் கன்னத்தில் விழுந்தது. ஒரே பக்கமிருந்து, ஒரே முறை. அத்தை பூவை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். வாசலில் திரும்பி, “இனி அண்ணன் ஊடுன்னு வந்து நிக்காதீங்க” என்று சொன்னது என்னிடம் அல்ல, அம்மாவிடம். அதுதான் எனக்கு வலித்தது. அடி வலிக்கவில்லை.

மாமன் வீட்டில் சொன்னதைச் செய்தார்கள். கோயில் நோம்பிக்கு அழைப்பு வரவில்லை, அம்மா போன் போட்டால் எடுக்கவில்லை. அவளுக்கு இருந்தது ஒரே அண்ணன். என்னோடு பேசுவதையும் நிறுத்திவிட்டாள். சோற்றைத் தட்டில் போட்டு வைத்துவிட்டு அந்தப் பக்கம் போய்விடுவாள். நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. செய்யாத தப்புக்கு எதற்குக் கேட்க வேண்டும்?

நாடகத்தில் கடைசி டிவிடி பாக்கி இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் தனியாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா வந்து சுவரோரம் உட்கார்ந்தாள். “சத்தமாச் சொல்லு” என்றாள். அவ்வளவுதான். நான் சொல்ல ஆரம்பித்தேன்.

அந்த நாடகத்தின் மகா மட்டமான இடம் அதுதான். ஒரு கிழட்டு நர்ஸ் வந்து, கதாநாயகன் அந்த அப்பாவுக்குப் பிறந்தவனே இல்லை, பிரசவ வார்டில் குழந்தை மாறிவிட்டது என்கிறாள். முடிந்தது. அண்ணன் மாதிரி என்று அழுதவளும், சுவரில் முட்டிக்கொண்டவரும், மயங்கி விழுந்தவளும் வெள்ளை உடுப்பில் கல்யாணத்துக்கு நின்று சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை நாளும் ஒரு பெண்ணை மாட்டேன் என்று சொல்ல வைத்துவிட்டு, கடைசியில் அந்தச் சொல்லுக்கு வேலையே இல்லாமல் செய்துவிட்டார்கள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா திறந்தாள்.

“இதென்ன ஏமாத்து வேலை? அத்தன பேத்துக்கு முன்னால மாட்டேன்னு சொன்னாளே, அது என்னாச்சு?”

“மாத்திக்கிட்டாளுங்கம்மா.”

அம்மா எழுந்து போய் டிவியை அணைத்தாள். என் பக்கம் திரும்பியபோதும் கோபம் தணியவில்லை.

“நீ மாத்திக்காதே. சொன்னா சொன்னதா இரு. நாளைக்கு நீயும் மனசு மாறி நின்னீன்னா, என்ற அண்ணன நான் சும்மாவா எழந்தேன்?”