தட்டுப்படாத மண்ணீரல்

என் அக்கா மருத்துவர், மருத்துவம் கற்பிப்பவரும்கூட. காலையில் வெளிநோயாளர் பிரிவு, பிற்பகலில் மாணவர்கள் என்று, பணிக்காலத்தில் பெரும்பகுதியை நின்றே கழித்தவர். அவரிடம் ஒரு கண்டிப்பு உண்டு. மாணவர் நோயாளியைத் தொட்டுப் பார்த்து முடிக்கும் வரை ஸ்கேன் உறையைக் கக்கத்திலிருந்து எடுக்கமாட்டார். "படத்தைப் பாத்துட்டுத் தொட்டா, கை படத்தைத்தான் தொடும்" என்பார். மாணவர்கள் அவருக்குக் ‘கக்கம்’ என்றே பெயர் வைத்திருந்தனர்.

பணிமூப்பின்படி அவரே அடுத்த துறைத்தலைவர். ஓய்வுபெறவிருந்த தலைவரின் பரிந்துரை மட்டுமே பாக்கி. அந்த நேரம் பார்த்து இறுதியாண்டுச் செய்முறைத் தேர்வு வந்து சேர்ந்தது.

தேர்வுக்கென்றே ஆண்டுதோறும் அழைக்கப்படும் நோயாளிகளுள் ஒரு தையல்காரரும் இருந்தார். வயிற்றின் இடப்புறம் வீங்கிய மண்ணீரல் அவருடைய பெருமை. அது விலாவுக்குக் கீழே எத்தனை விரல் இறங்கியிருக்கிறது என்று மாணவர் சொல்ல வேண்டும். தையல்காரர் என்றால் நாலு விரல். முந்தைய ஆண்டு மாணவர்களிடம் கேட்டு அனைவரும் மனப்பாடம் செய்திருந்தனர். அன்றும் வந்தவர்கள் எல்லோரும் அழுத்திப் பார்த்து நாலு விரல் என்றனர். ஒரு மாணவி மட்டும் நெடுநேரம் தடவிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"எதுவும் தட்டுப்படல சார்."

"நல்லா அழுத்திப் பாரும்மா. மாவா பிசையறே?" என்றார் தலைவர்.

"பாத்துட்டேன் சார். இல்ல."

"காலேஜுக்கே தெரிஞ்ச மண்ணீரல், இவளுக்கு மட்டும் ஒளிஞ்சுக்கிச்சு!" என்று சிரித்த தலைவர், தாமும் ஒருமுறை தொட்டு, நாலு விரல் என்று அறிவித்தார். உடனிருந்த இளைய பேராசிரியரும் தொட்டார். அவருக்கும் நாலு விரல்தான். மாணவிக்குத் தோல்வி மதிப்பெண் விழுந்தது.

பிறகு, மூன்றாவது தேர்வாளரான அக்கா தொட்டார். மூச்சை இழுக்கச் சொல்லி மறுபடியும் தொட்டார்.

"ஐயா, புதுசா மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?"

தையல்காரர் கூரையைப் பார்த்தார். "ஆமா டாக்டரம்மா. வேற ஆஸ்பத்திரில குடுத்தாங்க. வீக்கம் வத்திடுச்சுன்னு சொன்னாங்க."

"அத முதல்லயே சொல்றதுக்கென்ன?"

"யாரும் கேக்கலியே! படிச்சவங்க எல்லாரும் நாலு விரல், நாலு விரல்னாங்க. திரும்ப வந்துடுச்சோன்னு எனக்கே பயமாயிடுச்சு."

தலைவர் அக்காவைத் தாழ்வாரத்துக்கு அழைத்துச் சென்றார்.

"விட்டுடுங்கம்மா. எல்லார் முன்னாடியும் நான் சொல்லியாச்சு. ஒரு பொண்ணு மறுபடி பரீட்சை எழுதினா குடியா முழுகிடும்? உங்க ஃபைல் என் மேசையிலதான் இருக்கு."

"அவ சொன்னது சரி சார். இந்த மார்க்குக்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

அக்காவின் கையெழுத்தின்றி முடிவை வெளியிட இயலாது. எனவே மாணவி தேர்ச்சி பெற்றாள். இல்லாத மண்ணீரலை அளந்து சொன்ன மற்றவர்களும் தேர்ச்சி பெற்றனர். அவர்களைத் தோற்கடித்தால் தலைவரையும் அல்லவா தோற்கடிக்க வேண்டும்! துறைத்தலைவர் பதவி இளைய பேராசிரியருக்குப் போயிற்று. நியமன ஆணையில் அவருடைய ‘மருத்துவ நுண்ணறிவை’ மெச்சும் ஒரு தொடர் இருந்தது. அதன் நகல் இன்றும் என்னிடம் உள்ளது. எத்தனை முறை படித்தாலும் எரிச்சல் குறைந்தபாடில்லை.

நியமன விதிகள், பணிப்பதிவேடு, தேர்வுக் குறிப்பு ஆகியவற்றின் நகல்களை வரிசைப்படி இணைத்து மேலிடத்துக்கு ஒரு முறையீடு தயாரித்தேன். சட்டம் படிக்காதவன், விதிகளை நானே படித்துத் தெரிந்துகொண்டேன். அக்கா கடைசிப் பக்கம் வரை பொறுமையாகப் படித்தார்.

"ஒரு தப்பும் இல்லடா. ஆனா இத ஒருத்தன் பிரிச்சுப் பாப்பான்னு நெனைக்கிறியா? கட்டு கனமாயிருக்குன்னு தூக்கிப் பாத்துட்டு, ‘பரிசீலிச்சாச்சு’ன்னு எழுதுவான்."

"அப்போ அனுப்ப வேண்டாமா அக்கா?"

"அனுப்பு. எனக்கு வார்டுக்கு நேரமாச்சு" என்று, யாருடைய ஸ்கேன் உறையையோ கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தார்.

அனுப்பினேன். பதில் வந்தது. அக்கா சொன்ன சொல்லே இருந்தது. உடன் அனுப்பிய கட்டும் திரும்பி வந்தது, நான் கட்டிய நூல் முடிச்சுக்கூட அவிழாமல்.