என் படத்தில் அவள் கண்ட நிழல்

அந்த ஸ்கேன் படத்தை எடுத்தது நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விருத்தாசலத்தில் யாரைக் கேட்டாலும் என் தோழியின் பெயரைத்தான் சொல்வார்கள். ஒரே மருத்துவக் கல்லூரியில் படித்தோம். அவள் பெண்களுக்கான அறுவை மருத்துவர், நான் ஸ்கேன் மருத்துவர். மதிப்பெண்ணில் எப்போதும் நான்தான் முன்னால்.

படத்துக்குரியவள் கம்மாபுரம் பக்கத்துப் பெண். இங்கே பீங்கான் பொம்மைகளுக்கு வர்ணம் தீட்டும் வேலை. கல்யாணமாகிக் குழந்தை இல்லை. வயிறு முழுக்க நீர், நெஞ்சிலும் நீர், ஒரு சூலகத்தில் தேங்காய் அளவுக் கட்டி. ரத்தப் பரிசோதனையும் பயமுறுத்தியது. புற்றுநோயாகத்தான் இருக்கும் என்று எழுதிக் கொடுத்தேன். என் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பார்கள். புற்று என்றால் கருப்பை, இரண்டு சூலகங்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். அவளுக்குப் பிள்ளை என்ற பேச்சே முடிந்துவிடும்.

தோழி என் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். கட்டியின் விளிம்பு வழவழப்பாக இருந்ததையும், அதன் பின்னால் கரிய நிழல் விழுந்திருந்ததையும் காட்டினாள். “இது புத்து இல்லாத வெறும் நார்க்கட்டியா இருக்கலாம்டி. அபூர்வந்தான், ஆனா இதுலயும் தண்ணி கோத்துக்கும்” என்றாள். வயிற்றிலிருந்து எடுத்த நீரிலும் புற்றணுக்கள் தென்படவில்லை. அந்தப் பெண்ணிடம், “எனக்கு இன்னும் உறுதியா தெரியலம்மா. கட்டிய மட்டும் எடுத்துப் பாத்துட்டுச் சொல்றேன்” என்றாள். தெரியவில்லை என்று சொன்ன டாக்டரை அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கட்டியோடு அந்தப் பக்கத்துச் சூலகம் மட்டும் போனது. ஆய்வில் நார்க்கட்டி என்றே வந்தது. நீரும் வற்றிவிட்டது, மறுபடி சேரவில்லை. எல்லோரும் தோழியைப் பாராட்டினார்கள், நானும்தான், பல்லைக் கடித்துக்கொண்டு. அந்தப் பாடம் எனக்கும் தெரியும், தேர்வில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். நிழல் என் கருவியில் விழுந்தது. அதைப் பார்க்கிற கண் அவளுக்கு எதற்கு வாய்க்க வேண்டும்? வயிறு எரிந்தது. இன்னும் எரிகிறது.

தோழி இப்போது புதுச்சேரியில் இருக்கிறாள். போன மாதம் அந்தப் பெண் நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று என்னிடம் வந்தாள். ஸ்கேனில் கரு தெரிந்தது. திரையை அவள் பக்கம் திருப்பி, “இதோ பாரும்மா, துடிக்குது” என்றேன். அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

“டாக்டரம்மாவுக்கு ஒரு போன் போட்டுக் குடுங்களேன்” என்றாள்.

போட்டுக் கொடுத்தேன்.

“இவங்க புள்ள இருக்குதுன்னு சொல்றாங்க. நெசந்தானுங்களாம்மா?”

மறுமுனையில் தோழி சிரித்தது எனக்கும் கேட்டது. “அவங்க பாத்துச் சொன்னா சரியாத்தாம்மா இருக்கும்.”

அதற்கப்புறம்தான் அந்தப் பெண் திரையைப் பார்த்து அழுதாள். நான் எடுத்த படம், நான் சொன்ன சேதி. நன்றி மட்டும் போனுக்குப் போனது.