மேசைமேல் கறுப்புக் கோட்டு

எழுபதுகளின் கடைசியில், நான் எழுத்தராக இருந்த மேலூர் கோர்ட்டுக்கு ஏழைகளுக்காக இலவசமாய் வாதாட வந்தவர் அவர். ஒல்லியான வக்கீல்; சாயம் போன கறுப்புக் கோட்டு. கட்சிக்காரரிடம் பேசுமுன் அதைக் கழற்றி என் மேசையில் போட்டுவிடுவார். எனக்கு எரிச்சலாக இருக்கும்.

அன்று கூண்டில் நின்றவர், பிறப்பாலேயே குற்றவாளி என்று முத்திரை குத்திய கைரேகைச் சட்டக் காலத்திலிருந்தே போலீஸ் பதிவேட்டில் இருந்த குடும்பத்துக்காரர்.

"ஆட்டைத் திருடுனியா?" என்றார் மாஜிஸ்திரேட்.

"ஆமாங்க சாமி."

நான் பேனாவை எடுத்தேன். வக்கீல் எழுந்தார். "ஐயா, நீங்க போட்டிருக்கிற கண்ணாடியையும் இவருதான் திருடுனாரான்னு கேளுங்க."

மாஜிஸ்திரேட் முறைத்தார். பிறகு கூண்டில் நின்றவரிடம் அதையே கேட்டார்.

"ஆமாங்க சாமி."

யாரும் சிரிக்கவில்லை. ஒப்புதலை எழுத வேண்டாமென்று சொல்லி, அவரை ஜாமீனில் விட்டார் மாஜிஸ்திரேட்.

நான் வராந்தாவுக்கு வந்தபோது, வக்கீல் அவசரத்தில் கோட்டைக் கழற்றாமலே, ஜாமீன் கிடைத்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "ஜாமீன் கெடச்சிருச்சுண்ணே. வீட்டுக்குப் போகலாம். புரிஞ்சுதா?"

"ஆமாங்க சாமி" என்று அந்தக் கோட்டைப் பார்த்துச் சொன்னவர், விலங்கு மாட்டச் சொல்லிப் போலீஸ்காரரிடம் இரண்டு கைகளையும் நீட்டினார்.

வக்கீல் கோட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, அவரைத் தரையில் உட்காரவைத்துத் தானும் உட்கார்ந்தார். அவர்கள் பேசி முடிக்கும்வரை அதை நான் கையிலேயே வைத்திருந்தேன்.