பட்டுப் பாவுக்கு அப்பால் வௌவால் ஈக்கள்

1983, ஐப்பசி மாதம். காலை ஆறு மணிக்கு வேலூரில் ஆரணி பஸ் ஏறினேன். டிக்கெட் மூன்று ரூபாய். கண்ணமங்கலம் வரை மழையை ரசித்துக்கொண்டு வந்தேன். அதைக் கெடுத்தவர், அடிக்கடி போய்வரும் என்னைத் தெரிந்த கண்டக்டர்.

"பழைய சத்திரத்துக்கா போறீங்க? அங்க வெள்ளையடிச்சிகினு இருக்காங்களே. வர்ற முகூர்த்தத்துல கல்யாணம்."

சத்திரத்துப் பின்னறையின் இருட்டில் வௌவால்கள் தொங்குகின்றன. அவற்றின் ரோமத்துக்குள் இரண்டு வகை ஈக்கள் ரத்தம் குடித்து வாழ்கின்றன. ஒன்றுக்கு இறக்கை உண்டு. இன்னொன்றுக்கு அறவே கிடையாது. நீண்ட கால்களை வைத்துக்கொண்டு சிலந்தி மாதிரி ஓடும். இரண்டும் எவ்வளவு நெருங்கிய உறவு என்பதுதான் என் ஆராய்ச்சி. முகத்தைப் பார்த்தால் பங்காளிகள் என்று யாரும் நம்பமாட்டார்கள். பிள்ளை பெறும் விதம் மட்டும் ஒன்று. மற்ற ஈக்களைப் போல முட்டைகளைக் கொட்டுவதில்லை. ஒரே ஒரு புழுவை வயிற்றுக்குள்ளேயே வளர்த்துச் சுவரில் ஒட்டிவிட்டுப் போகும். அது கடுகு போலக் கறுத்துக் கூடாகிவிடும்.

இறக்கை உள்ளது கூட்டிலிருந்து வெளிவருவதைப் பார்த்துவிட்டேன். இறக்கை இல்லாததைப் பார்க்கவில்லை. "பிறப்பைப் பார்க்காம உறவு சொல்லாதேம்மா" என்று பேராசிரியர் கறாராகச் சொல்லிவிட்டார். உதவித்தொகையோ இந்த மாதத்தோடு சரி. சுவரில் சுண்ணாம்பு ஏறினால் என் படிப்பும் சரி.

ஏழரைக்கு ஆரணி. குடையை விரிக்கக்கூடப் பொறுமையில்லாமல் ஓடினேன். சத்திரத்தின் முகப்பு பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. அழுகை வந்துவிட்டது. உள்ளே யாரோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

நீண்ட நடைவழியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, இடுப்பு உயரத்தில், மாம்பழ நிறப் பட்டு இழைகளை நீட்டிக் கட்டியிருந்தார்கள். சேலை நெய்வதற்கு முன் நீளவாக்கு இழைகளான பாவு நூலை இப்படி நீட்டிக் கஞ்சி போடுவது தெருவில் நடக்கும் வேலை. மழைக்காக நெசவாளர் ராமலிங்கம் அதைச் சத்திரத்துக்குள் கொண்டுவந்திருந்தார். பின்னறை வாசலை மறித்துக்கொண்டு பாவு நின்றது. வெள்ளையடிக்கும் ஏழுமலை சுண்ணாம்பு வாளியோடு இந்தப் பக்கம் நின்றார்.

"எவ்ளோ நேரம்தான் நிக்கிறது? ஜல்தியா சுருட்டுய்யா!"

"கஞ்சி காயாம எப்டி சுருட்டறது? ஒரு சொட்டு சுண்ணாம்பு பட்டா பட்டு பூடும். வாளியோட இப்பால வராத!"

ராமலிங்கத்தைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. நான் மட்டும் உள்ளே போகலாமா என்று கெஞ்சினேன். கை சுத்தமா என்று பார்த்தார்.

"அடியில தவழ்ந்து போங்கம்மா. கொண்டை மாட்டிக்கப்போவுது, பாத்து."

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தவழ்ந்தேன். எம்.எஸ்ஸி. படித்ததற்கு இதுதான் பலன் என்று நினைத்துக்கொண்டேன். ஏழுமலைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரிக்கட்டும். பின்னறைச் சுவரில் டார்ச்சை அடித்தால், கறுப்புக் கடுகுகள் அப்படியே இருந்தன! பிளேடால் ஒவ்வொன்றாகப் பெயர்த்து, பஞ்சு வைத்த கண்ணாடிக் குழாய்களில் போட்டுக்கொண்டேன். நான் முடிப்பதற்கும் பாவு காய்வதற்கும் சரியாக இருந்தது.

"வௌவாலை அடிச்சிடாதீங்க, சாயங்காலம் தானா வெளிய போயிடும்" என்று ஏழுமலையிடம் சொன்னேன்.

"நான் எங்கம்மா அடிக்கிறது? அதுதான் என் மூஞ்சில வந்து அடிக்குது!"

பகல் ஒரு மணிக்குத் திரும்பும் பஸ். காலையில் வந்த அதே கண்டக்டர். குழாய்கள் உடையாமல் இருக்க மடியில் முடிந்துகொண்டு உட்கார்ந்தேன். கண்ணமங்கலத்தில் டீக்கு நிறுத்தியபோது ஒன்றை எடுத்துப் பார்த்தேன். இறக்கை உள்ளதைப் போலவே, என் கண்ணெதிரே கூட்டின் மூடி திறந்தது. இறக்கை இல்லாத ஒன்று வெளியே வந்து, கண்ணாடிக்குள் மேலும் கீழும் ஓடியது. என் உடம்புச் சூட்டை உணர்ந்து, வௌவால் வந்துவிட்டது என்று நம்பி வெளியே வந்திருக்கிறது. ஆரணிக்காரர்களில் என்னை உறவாகச் சேர்த்துக்கொண்ட முதல் ஆள்!

கண்டக்டர் எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா, சிலந்தியா?"

"இல்லீங்க, ஈ" என்றேன். இதுவரை எத்தனையோ பேரிடம் அதைச் சொல்லியிருக்கிறேன். நிம்மதியாகச் சொன்னது அன்றுதான்.