ஐவியும் பச்சைப் புள்ளியும்

அடையாறில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்த விமான நிறுவன அலுவலகத்தில் ஐவி பதினொரு வருஷமாக ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தாள். நிறுவனத்தின் சின்ன விமானங்கள் ஒடிசா காடுகளின் மேல் தாழப் பறந்து கனிமங்களைத் தேடும். செல்போன் எடுக்காத இடம். அரை மணிக்கு ஒருமுறை விமானி கூப்பிட்டு, எங்கே பறக்கிறான் என்று சொல்லவேண்டும். அவள் நோட்டில் எழுதிக்கொள்வாள்.

மேலாளர் பரத்வாஜை அவள் ஒரு ஆளாகவே மதித்ததில்லை. காதில் எப்போதும் எதையாவது செருகியிருப்பான். யார் பேசினாலும் கேட்கமாட்டான். சுவரில் பெரிய திரையை மாட்டி, விமானம் அதில் பச்சைப் புள்ளியாகத் தெரிய ஏற்பாடு செய்ததிலிருந்து அவனுக்குத் தலைகால் புரியவில்லை. மொட்டைமாடியிலிருந்த ரேடியோ ஏரியல் கம்பியில் பக்கத்து வீட்டார் பெட்ஷீட் காயப்போடுவதாக அவள் சொன்னபோது, "போட்டுக்கட்டும் மேடம், அடுத்த மாசம் அதைக் கழட்டிடப் போறோம்" என்றான். ஐவி தானே மாடியேறிப் போய்ப் பெட்ஷீட்டைச் சுருட்டி வீசிவிட்டு வந்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு விமானி தௌஃபீக்கின் அழைப்பு வரவில்லை.

"தௌஃபீக் கூப்பிடல சார்."

"ஸ்கிரீன்ல இருக்கானே. பச்சையாதான் காட்டுது."

"அது பத்து அஞ்சிலேருந்து நகரல. கீழ டைம் போட்டிருக்கு, படிங்க."

அவன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். "நெட் ஸ்லோவா இருக்கும். லஞ்ச் வரைக்கும் பார்ப்போம்."

விமானத்திலிருக்கும் இரண்டு உயிரைச் சாப்பாட்டு நேரம்வரை தள்ளிவைக்கிற இவனிடம் பேச்சை வளர்ப்பது வீண். ஐவி தானே மீட்பு மையத்துக்கு போன் செய்து சொன்னாள். பிறகு ஹெட்போனை மாட்டி, இரைச்சலுக்குள் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நாற்பது நிமிஷம் கழித்து இழைபோல ஒரு குரல்.

"மேடம்... எஞ்சின் நின்னுபோச்சு. ஆத்து மணல்ல எறக்கிட்டேன். கூட வந்தவருக்குக் கால் ஒடஞ்சிருக்கு."

"எடத்த சொல்லு நைனா. மெதுவா."

அவன் எண்களைச் சொன்னான். அவள் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தாள்.

"பேட்டரிய வீணாக்காத. கால்மணிக்கு ஒருதபா மட்டும் பேசு. நான் இங்கதான் கீறேன்."

இரண்டரை மணிக்கு ஹெலிகாப்டர் இருவரையும் தூக்கியது. அதுவரை பரத்வாஜ் தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, தலைமை அலுவலகத்துக்கு என்ன சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தான். மறுநாள் பேப்பரில் அவன் படமும், 'நவீனக் கண்காணிப்பின் வெற்றி' என்ற அவன் பேட்டியும் வந்தன. ஐவி கடைசி வரிவரை படித்தாள். பிறகு நொச்சிக்குப்பத்தில் வாங்கிய சங்கரா மீனை அந்தப் பக்கத்தின் மேலேயே வைத்து ஆய்ந்தாள்.

விசாரணைக்கு ஆள் வருகிறார்கள் என்றதும் பரத்வாஜ் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"பத்து முப்பத்தொண்ணுக்கு நான்தான் போன் பண்ணச் சொன்னேன்னு ஒரு வரி, மேடம்."

"நீங்களே எழுதுங்க சார். அதுவாவது வருதான்னு பார்ப்போம்."

அவன் எழுதவில்லை, அதற்கும் துணிச்சல் இல்லை. விசாரணை அதிகாரி நல்லசிவம் நோட்டைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "பத்தரைக்கே உங்ககிட்ட சொல்லியிருக்காங்க. நீங்க என்ன பண்ணீங்க?" பரத்வாஜ் சுவரிலிருந்த திரையைக் காட்டி, "பச்சையாதான் காட்டிச்சு சார்" என்றான்.

நிறுவனம் அவனைப் பதவி உயர்த்திப் பெங்களூருக்கு அனுப்பியது. ஐவிக்கு 'ஐரின்' என்று பெயர் பொறித்த கேடயம் வந்தது. அதை, வந்த அட்டைப்பெட்டிக்குள்ளேயே திரும்பப் போட்டாள்.

மறுவாரம் தௌஃபீக் போன் செய்தான். மனைவி சாய்மாவோடு அவளுடைய பெசன்ட் நகர் வீட்டுக்கு வந்து பார்க்கவேண்டுமாம்.

"தாராளமா வாங்க. ஆனா சால்வை கீல்வை எடுத்துக்கினு வந்தீங்க, வாசலோட திருப்பி அனுப்பிடுவேன்."